வரிசையில் ஓர் இடம்

பண்பலை வானொலியில் பாட்டு வரிசை போடுவது என்றால் நல்ல பாட்டாகப் பொறுக்கி அடுக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். பொறுக்குவது அந்த வேலையில் சிறு பகுதிதான். எந்தப் பாட்டும் வானொலியில் தனியாக ஒலிப்பதில்லை. முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு, நடுவில் ஆர்ஜே பேச்சு, துணிக்கடை விளம்பரம். காலை எட்டு மணிக்கு வந்த பாட்டு மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை வரும். அடுத்த நாள் நேரம் மாறி மறுபடி வரும். ரொட்டேஷன் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சுற்றில்தான் பாட்டின் தலையெழுத்து இருக்கிறது. முதல் வாரம் காதில் ஒட்டாத மெட்டை மூன்றாம் வாரம் சமையலறையில் யாரோ முணுமுணுப்பார்கள். அடிக்கடி எதிர்ப்படும் ஒன்றின்மேல், வேறு காரணமே இல்லாமல், மனிதருக்குப் பிடிப்பு உண்டாகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-ல் எழுதினார். வானொலி நிலையங்கள் அதற்கு முன்பிருந்தே அந்த உண்மையை நம்பித்தான் நடக்கின்றன. ஆகவே ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை விருது என்று நான் கருதுவதில்லை. முன்னுரை இல்லாமல், சாக்குச் சொல்லாமல், மற்றப் பாட்டுகளின் நடுவே அது ஒலிப்பதுதான் அந்த மரியாதை.

தன்பாலீர்ப்பாளர்களைச் சமூகம் ஏற்றுக்கொள்வதில் வெகுசனப் பாட்டுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியையும் இந்த வேலையின் கண்ணால்தான் என்னால் பார்க்க முடிகிறது. பங்கு உண்டு என்பவர்கள் பெரும்பாலும் பாட்டின் கருத்தைக் காட்டுகிறார்கள்: இந்தப் பாட்டு சமத்துவம் பேசுகிறது, இந்தப் பாடகர் துணிந்து சொன்னார் என்று. எனக்கு அதில் பாதி உண்மைதான் தெரிகிறது. பாட்டு யாருடைய கருத்தையும் வாதாடி மாற்றுவதில்லை. இன்னொருவருடைய காதலையும் துக்கத்தையும் நம்முடைய அன்றாடத்துக்குள் கொண்டுவந்து பழக்கிவிடுகிறது. பழகிய பிறகு வெறுப்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் உண்டாக, பாட்டு எல்லோரும் கேட்கும் பொதுவரிசையில் இருந்தாக வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கப் பிரிட்டன் நல்ல இடம். எல்லா வீடுகளிலும் கேட்ட ஒரே தேசிய வானொலி, வாராவாரம் வெளியான விற்பனைப் பட்டியல், அதையொட்டி 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று அங்கே கதவு எது, காவல்காரர் யார் என்பது தெளிவாகத் தெரியும். ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கி நம்மை 2018 வரை கட்டிவைத்திருந்த 377-ஆம் பிரிவு 1860-ல் அந்த நாட்டு ஆட்சி எழுதித் தந்தது என்பது இன்னொரு காரணம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், பாட்டுக்கு உரியதல்லாத புகழை அதற்குத் தரக்கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-ல் ஆண்களுக்கிடையேயான உறவு குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதற்குக் காரணம் 1957-ன் உல்ஃபென்டன் குழு அறிக்கையும் நாடாளுமன்ற உழைப்பும். எந்தப் பாட்டும் அல்ல. அந்த நீக்கமும் அரைகுறைதான். ஆணும் பெண்ணும் 16 வயதில் சம்மதிக்கலாம். இரண்டு ஆண்கள் என்றால் 21 ஆக வேண்டும், அதுவும் நான்கு சுவருக்குள். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சலுகை 1980-ன் சட்டத்தில்தான் வந்தது, வட அயர்லாந்துக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் 1982-ல். சட்டம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடலாம். அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்க்கிறார், அப்பா எப்படிப் பார்க்கிறார் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. பாட்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

டேவிட் போவி 1972 சனவரியில் பத்திரிகைப் பேட்டியில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னதும், அதே ஆண்டு சூலையில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் 'ஸ்டார்மேன்' பாடும்போது கிதார் வாசித்த மிக் ரான்சனின் தோளில் கை போட்டதும் பலமுறை எழுதப்பட்டவை. பின்னால் வந்த பாடகர்கள் பலர் அந்தச் சில நொடிகளைத் தங்கள் தொடக்கமாகச் சொல்கிறார்கள். என் கவனம் அதைவிட டாம் ராபின்சன்மேல் செல்கிறது. லாரி ஓட்டும் பாட்டு ஒன்றால் 1977-ல் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த அவருடைய குழு, அடுத்த ஆண்டு நான்கு பாட்டுகள் கொண்ட ஓர் இசைத்தட்டில் 'கிளாட் டு பி கே' என்ற பாட்டை வெளியிட்டது. போலீஸ் சோதனைகளையும் பத்திரிகைகளின் வசையையும் தெருவில் விழும் அடியையும் நேரடியாகச் சொல்லும் பாட்டு. இசைத்தட்டு முதல் இருபதுக்குள் வந்தது. பிபிசி ரேடியோ 1-ன் பட்டியல் நிகழ்ச்சி அதை மறைக்க முடியாது. ஆனால் அதே தட்டிலிருந்த வேறொரு பாட்டை ஒலிக்கவிட்டார்கள். லண்டனின் கேப்பிட்டல் ரேடியோவிலோ நேயர்கள் வாக்களித்துப் பல வாரம் அதை முதலிடத்தில் வைத்தார்கள். தடை என்று யாரும் அறிவிக்காமலே ஒரு பாட்டை வரிசையிலிருந்து நகர்த்துவது எப்படி என்பதை என் தொழிலில் உள்ளவர்கள் இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். எங்கள் கையில் இருக்கும் அதிகாரம் சத்தமில்லாதது. ஒலிக்காத பாட்டைப் பற்றிக் கேட்டவர் யாரும் புகார் சொல்வதில்லை.

அந்தப் பாட்டு ஊர்வலங்களில் சேர்ந்து பாடுவதற்கு எழுதப்பட்டது, அங்கே அது தன் வேலையைச் செய்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு முதுகெலும்பு தந்தது. வெளியே இருப்பவரைத் தொட்ட பாட்டு என்று தேடினால் 1984-ல் வந்த 'ஸ்மால்டவுன் பாய்'க்கு வருகிறோம். பிரான்ஸ்கி பீட் என்ற மூவர் குழு. ஜிம்மி சாமர்வில் பாட்டு, ஸ்டீவ் பிரான்ஸ்கியும் லாரி ஸ்டைன்பாச்செக்கும் கீபோர்டு. மூவரும் தாங்கள் யார் என்பதை முதல் நாளிலிருந்தே மறைக்காதவர்கள். சிற்றூரில் வாழ முடியாமல் விடியற்காலையில் ரயில் ஏறிப் போகும் ஒரு பையனின் கதை அது. அவன் ஏன் போகிறான் என்பதற்குப் பெயர் எதுவும் பாட்டில் வருவதில்லை. ஊர் அவனை இடித்துக்கொண்டே இருந்தது, அவன் தேடியது அங்கே கிடைக்காது, அம்மாவுக்குக் காரணம் புரியப்போவதில்லை என்பவைதான் வருகின்றன. தன்பாலீர்ப்பாளராக இல்லாத பதினாறு வயதுப் பிள்ளையும் இதில் தன்னைப் பார்க்கலாம். இதை நழுவல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு இது கைத்திறனாகத் தெரிகிறது. கேட்பவர் முதலில் பையனோடு ரயிலில் ஏறிவிடுகிறார். அவன் யார் என்று பிறகு தெரியவரும்போது இறங்குவதற்கு நேரமில்லை.

மெட்டையும் கொஞ்சம் நெருங்கிக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் கீபோர்டில் சில சுரங்கள் சோகமான மைனர் சாயலில் நிதானமாக இறங்கி வருகின்றன. அதன்மேல் சொல்லில்லாமல், ஆணின் வழக்கமான குரலெல்லைக்கு மேலே, ஒரு நீண்ட அழைப்பு எழுகிறது. கதை தொடங்குமுன்பே அழுகை வந்துவிடுகிறது. சொல்லே இல்லாததால் மொழி தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்கிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பாட்டு முதலிடத்துக்குப் போனதில் இதற்குப் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு டிரம் மெஷின் வந்ததும் வேகம் கூடி, அதே துக்கம் ஆட்டப் பாட்டாகிவிடுகிறது. அழவைக்கும் பாட்டுக்கு வானொலியில் நேரம் குறைவு. இரவில்தான் போடுவோம். ஆட வைக்கும் பாட்டுக்குக் காலையிலும் இடம் உண்டு, சனிக்கிழமை மாலையிலும் உண்டு, கிளப்பிலும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கியதால் இந்தப் பாட்டு எல்லா நேரத்திலும் நுழைந்து, பிரிட்டனில் மூன்றாமிடம் வரை ஏறியது. பெயர் சொல்லாத காரணத்தைப் பெர்னார்ட் ரோஸ் எடுத்த வீடியோ சொல்லிவிடுகிறது. நீச்சல் குளத்தில் ஒருவனை விரும்பிப் பார்க்கும் பையனைப் பிறகு ஒரு கும்பல் அடிக்கிறது. போலீஸ் வீட்டில் கொண்டுவந்து விடுகிறது, வீட்டுக்குச் சேதி தெரிந்துவிடுகிறது. புறப்படும்போது அப்பா பணம் தருகிறார், கை குலுக்க மறுக்கிறார். அந்த ஒரு செய்கையில் ஒரு தலைமுறையின் வீட்டு வரலாறு இருக்கிறது. வானொலியில் கேட்டவர்களுக்குத் தொலைக்காட்சி மீதிக் கதையைச் சொன்னது.

அந்தக் குழுவின் ஆல்பத்துக்குச் 'சம்மத வயது' என்று பொருள்படும் 'தி ஏஜ் ஆஃப் கன்சென்ட்' என்று பெயர். உள்ளுறையில் பல நாடுகளில் ஆண்களுக்கிடையேயான உறவுக்குச் சட்டம் வைத்திருக்கும் வயதை நாடுவாரியாக அச்சிட்டிருந்தார்கள். ஆடுவதற்காக வாங்கிய பிள்ளை, தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது தன் நாட்டின் 21 மற்ற நாடுகளின் எண்களோடு எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்துவிடும். பாட்டுக்குள் பிரசாரத்தைத் திணிக்காமல் உறையில் புள்ளிவிவரத்தை வைத்த இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பாட்டு பாட்டாகவே இருந்தது, சேதியும் வீட்டுக்குள் போனது.

இதே 1984-ன் தொடக்கத்தில் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்' பாட்டை ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட் ஒலிபரப்ப மறுத்தார், பிபிசி தடை செய்தது, பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. தடை விளம்பரமாகிவிடும் என்பதற்கு இதை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். விற்பனைக்கு அது சரி. ஏற்புக்கு அது உதவியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தடைசெய்த பாட்டைத் தேடிப்போய் வாங்குபவர் அதை ஒரு குறும்பாக வாங்குகிறார். மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் குடும்பத்தோடு கேட்கும் பாட்டு வேறு வகை. விலக்கப்பட்ட பொருளுக்குக் கிளர்ச்சி உண்டு. அண்டைவீட்டு உறவு அதனால் உண்டாவதில்லை.

இப்போது எதிர்வாதங்களில் வலுவானதை எடுக்கிறேன். போவி, பாய் ஜார்ஜ், எல்டன் ஜான், பிரான்ஸ்கி பீட், ஃபிராங்கி என்று இவ்வளவு பேர் பிரிட்டனின் வரவேற்பறைகளில் பாடினார்களே, நாடு மாறியதா? பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வின் கணக்கைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரே பாலினத்தார் இடையிலான உறவு 'எப்போதும் தவறு' என்றவர்கள் 1983-ல் 50 சதவீதம். பாட்டுகள் கொடிகட்டிப் பறந்த நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1987-ல், அது 64 சதவீதம். அடுத்த ஆண்டே உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்கக்' கூடாது என்ற 28-ஆம் பிரிவு சட்டமானது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாய் திறக்க அஞ்சினார்கள். பாட்டு மனத்தை மாற்றும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த எண்களைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

எண்கள் ஏறியதற்கு எய்ட்ஸ் முதல் காரணம். நோயைப் பற்றிய பயத்தைச் சில பத்திரிகைகள் மனிதர்கள்மேல் திருப்பிவிட்டன. அந்த வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் பலம் மூன்று நிமிடப் பாட்டுக்கு இல்லை, இருந்ததாகச் சொல்வது பொய். ஆனால் பாட்டின் கணக்கை உடனே முடிப்பதும் தவறு. வெகுசனப் பாட்டைக் காதில் வாங்குகிறவர்களில் பெரும்பங்கு பன்னிரண்டு முதல் இருபது வயது. ஆய்வுக்காரர் கேள்வித்தாளோடு வந்து 1987-ல் கதவைத் தட்டியபோது பதில் சொன்னவர்களில் அவர்கள் மிகக் குறைவு. அதே ஆய்வில் 2012-ல் 'எப்போதும் தவறு' என்றவர்கள் 22 சதவீதம். 'தவறே இல்லை' என்றவர்கள் 47 சதவீதம். 1984-ல் பதினைந்து வயதாக இருந்தவர்கள் அப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். பெற்றோராகவும் ஆசிரியராகவும் வாக்காளராகவும் இருந்தவர்கள். அந்த இறக்கம் முழுவதும் பாட்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர்கள், உறவினர்கள் என்று பலர் வெளிப்படையாக வாழத் தொடங்கியது அதைவிடப் பெரிய காரணமாக இருக்க வேண்டும். ஆனால் அண்ணனோ தோழியோ 'நான் இப்படி' என்று சொல்ல வரும் நாளில், கேட்பவரின் மனத்தில் அதற்கு முன்பே ஒரு முகம், ஒரு குரல், ஒரு ரயில் நிலையம் இருந்தால் அந்த உரையாடல் வேறு மாதிரிப் போகும். பாட்டு முன்னால் போய் இடம் பிடித்து வைக்கிறது. உட்கார வருபவர் மனிதர்தான்.

பாட்டு மனிதர்களைச் சேர்த்துவைத்ததற்கு நேரடிச் சான்று ஒன்றும் அதே 1984-ல் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. லண்டனில் மார்க் ஆஷ்டனும் மைக் ஜாக்சனும் தொடங்கிய தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று உண்டியல் குலுக்கி, தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்குப் பணம் சேர்த்தது. டிசம்பர் 10 அன்று கேம்டனின் எலெக்ட்ரிக் பால்ரூமில் 'பிட்ஸ் அண்ட் பெர்வர்ட்ஸ்' என்ற பெயரில், தங்களை ஏசும் சொல்லையே பலகையில் எழுதி, நிதிக் கச்சேரி நடத்தினார்கள். முதன்மையாகப் பாடியவர்கள் பிரான்ஸ்கி பீட். வசூல் 5,000 பவுண்டுக்கு மேல். சுரங்க ஊரிலிருந்து வந்த பிரதிநிதி அந்த மேடையில் பேசினார். அடுத்த ஆண்டு சூனில் லண்டன் பிரைடு ஊர்வலத்தின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் அதன் பின்னால் இருந்தன. இங்கே பாட்டின் பங்கு எவ்வளவு? கூட்டத்தைக் கூட்டியது, பணத்தைக் கொண்டுவந்தது. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு கூட்டங்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது. மீதியை ஆட்கள் செய்தார்கள். ஆஷ்டன் 1987-ல் 26 வயதில் எய்ட்ஸால் இறந்தார். சாமர்வில் தன் அடுத்த குழுவான கம்யூனார்ட்ஸில் அவருக்காக 'ஃபார் எ ஃபிரண்ட்' பாடினார். நண்பனை இழந்த துக்கத்துக்கு எல்லோருக்கும் சொந்தமான ஒரு மெட்டு அது.

பாட்டை ரசிப்பவர் பாடியவரை ஏற்பதில்லை என்ற வாதமும் உண்டு. இதற்கு ஃபிரெடி மெர்க்குரியைவிட நல்ல சான்று வேண்டாம். சான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மராட்டியத்தின் பஞ்சகனியில் பள்ளியில் படித்தவர் அவர். அவருடைய குழுவின் பாட்டுகளைக் கால்பந்து மைதானங்கள் பாடின. அந்த மைதானங்களிலேயே தன்பாலீர்ப்பாளர்களைக் கேலி செய்யும் கோஷங்களும் எழுந்தன. மெட்டு பழகிவிட்டதால் மனிதர் பழகிவிட்டதாக ஆகாது என்பதை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்து, மறுநாளே இறந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீண்டும் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பிடித்தது, அதன் வருமானம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளி மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடி அவருடைய பாட்டுகளைப் பாடினார்கள். அதே மேடையில் எலிசபெத் டெய்லர் நின்று எய்ட்ஸைப் பற்றி அந்தக் கூட்டத்திடம் பேசினார். ஐந்து ஆண்டுக்கு முன் பயத்தோடு மட்டும் சொல்லப்பட்ட நோய்க்கு இப்போது ஒரு பெயர் இருந்தது, அது எல்லோரும் நேசித்த பெயர். மெட்டும் மனிதரும் பிரிந்திருக்கும்வரை பாட்டு பாதி வேலைதான் செய்கிறது. சேர்கிற நாளில் அதுவரை சேர்ந்த அன்பெல்லாம் மனிதருக்குக் கைமாறுகிறது.

சேர்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு ரஷ்யாவிலிருந்து டாட்டு குழு சாட்சி. இரண்டு பள்ளி மாணவிகளின் காதலைக் காட்டி 2003-ல் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தார்கள். காதலர்கள் என்பது மேலாளர் கட்டிய விற்பனை வேடம் என்று பிறகு தெரிந்தது. பத்தாண்டு கழித்து அதே ரஷ்யா சிறுவர்கள் காதில் தன்பாலீர்ப்பு என்ற பேச்சே விழக்கூடாது என்று சட்டம் இயற்றியபோது அந்தப் பாட்டின் புகழ் யாருக்கும் கேடயமாகவில்லை. கிளுகிளுப்புக்காகக் கேட்ட கூட்டம் உரிமைக்காக நிற்காது. இதற்கு எதிர்த்திசையில் பிரிட்டனின் இசைக் கம்பெனிகள் நெடுங்காலம் கொண்டிருந்த பயம் ஒன்று உண்டு: வாலிபப் பாடகன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்தால் தட்டு வாங்கும் பெண்பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பது. பாய்சோன் குழுவின் ஸ்டீவன் கேட்லி 1999 சூனில் செய்தித்தாளின் நெருக்கடியில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோடை முழுவதும் குழுவின் தொகுப்பு ஆல்பம் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. 'பாப் ஐடல்' போட்டியில் வென்ற வில் யங் 2002-ல் வென்ற சில வாரங்களில் சொன்னார். அடுத்த தட்டும் முதலிடம் போனது. பாடகர்களை ஆண்டுக்கணக்கில் பொய் சொல்லவைத்த பயத்துக்கு ரசிகர்களிடம் அடிப்படை இருக்கவில்லை. பயந்தவர்கள் கதவருகே நின்ற எங்களைப் போன்றவர்கள்தான்.

இனி, நம் வீடுகளில் அதிகம் கேட்கும் எதிர்ப்பு: இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், மாறிப்போவார்கள் என்பது. 28-ஆம் பிரிவின் அடியிலிருந்ததும் இதே பயம்தான். இதற்குப் பாட்டு வரிசையே பதில் சொல்கிறது. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் தாலாட்டிலிருந்து கல்யாண வீட்டு ஒலிபெருக்கிவரை ஆணும் பெண்ணும் காதலிக்கும் பாட்டுகளை மட்டுமே கேட்டு வளர்கிறார்கள். நாளொன்றுக்குப் பத்து, இருபது பாட்டு, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில். பாட்டு ஈர்ப்பை மாற்றும் என்றால் அவர்களில் ஒருவர்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. பாட்டு யாரையும் அப்படி மாற்றாது. தனக்கென்று ஒரு பாட்டும் இல்லாத பிள்ளை தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் ஊர்ப் பெற்றோருக்குத் தெரியாததல்ல.

கலை பிரசாரமாகக் கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கருத்துக்காகக் கட்டிய பாட்டு பெரும்பாலும் மோசமான பாட்டு; மூன்றாம் வாரம் ரொட்டேஷனில் தாங்காது. நான் கேட்பது காதல் பாட்டு, பிரிவுப் பாட்டு, ஊரைவிட்டுப் போகும் பாட்டு. இன்றைய இசைச் செயலிகளில் சூன் மாதம் வந்தால் வானவில் நிறத்தில் தனிப் பட்டியல்கள் வருகின்றன. தேடி வருபவருக்கு அவை துணை, எடுத்துவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேடாதவர் அந்தப் பக்கம் போவதில்லை. மாற வேண்டியவர் அவர்தான். சூலை ஒன்றாம் தேதி அந்தப் பாட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் ஒரு நிறுவனத்தின் எண்ணம் தெரிந்துவிடும்.

பிரிட்டனில் சம்மத வயது 1994-ல் 18 ஆகி, 2001 சனவரியில் எல்லோருக்கும் 16 ஆனது. 28-ஆம் பிரிவு ஸ்காட்லாந்தில் 2000-லும் மற்ற இடங்களில் 2003-லும் நீங்கியது. 1989-ல் தொடங்கிய ஸ்டோன்வால் போன்ற அமைப்புகளும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்காடிய இளைஞர்களும் அதற்கு உழைத்தார்கள். நம் பக்கம் வந்தால், இந்தியாவில் 377-ன் அந்தப் பகுதி 2018 செப்டம்பர் 6-ல் போனது. திருமண உரிமையை 2023-ல் உச்ச நீதிமன்றம் தரவில்லை. இலங்கையில் அதே பிரிட்டிஷ் சரக்கான 365, 365அ பிரிவுகள் சட்டப் புத்தகத்தை இன்னும் விட்டு நீங்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021-ல், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, மருத்துவத்தின் பெயரில் ஈர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தார். தெரியாததைப் பழகித் தெரிந்துகொள்ள ஒரு நீதிபதிக்கு உளவியலாளர் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார், பாட்டு கிடைக்கும்.

ஆகவே என் கோரிக்கை தொழில்காரர்களிடம். பாடலாசிரியர்களே, இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் காதலித்துப் பிரியும் ஒரு பாட்டைப் பெயரும் விளக்கமும் சொல்லாமல் எழுதுங்கள். நம் மொழிக்குப் பிரிவைச் சொல்லத் தெரியாததில்லை. இசையமைப்பாளர்களே, அதற்கு இரவு பதினொரு மணி மெட்டைப் போடாதீர்கள், காலையில் ஒலிக்கிற மாதிரி போடுங்கள். கேலிக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து பின்னால் கோமாளி இசை வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். நிலையங்களில் என்னோடு வரிசை போடும் நண்பர்களே, அந்தப் பாட்டு வரும் நாளில் அதற்கென்று தனி நிகழ்ச்சி வேண்டாம், நிபுணர் பேட்டி வேண்டாம். எட்டு மணிச் செய்திக்குப் பிறகு வழக்கமான பாட்டுக்கும் வழக்கமான பாட்டுக்கும் நடுவில் வையுங்கள். மதியம் ஒரு முறை போடுங்கள், இரவு ஒரு முறை போடுங்கள். மறுநாளும் போடுங்கள்.